அம்பாசிடர் மார்க் 2: கோளாறைப் பிடிப்பதும் பார்ட்ஸ் தேடுவதும்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு ஷெட். அதில் மாங்காய்க் கூடைகளுக்குப் பின்னால் பதினொரு வருஷமாக நின்றிருந்த 1969 மாடல் அம்பாசிடர் மார்க் 2 ஒன்றை டிராக்டரில் கட்டி இழுத்து கிருஷ்ணகிரிக்குக் கொண்டு வந்தேன். இன்றைக்கு அது ஓசூருக்கும் தர்மபுரிக்கும் தானாகப் போய் வருகிறது. இடையில் நான் வாங்கிக் குவித்த பாகங்களில் பாதி தேவையே இல்லாதவை. கோளாறு எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் கடைக்கு ஓடியதால் வந்த செலவு அது.

நம் இரண்டு மாவட்டங்களிலும் தாத்தா காலத்து அம்பாசிடர் ஷெட்டில் நிற்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வண்டியை ஓடவைக்க ஆசைப்படுகிறவர்களுக்காக, வண்டி காட்டும் அறிகுறி என்ன, அதற்கு எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையில் எழுதுகிறேன். இரண்டு விஷயத்தை மட்டும் கடைசிவரை விடாதீர்கள். கோளாறு இதுதான் என்று சோதித்து உறுதியாகும்வரை பார்ட்ஸ் வாங்காதீர்கள். கழற்றிய பழைய பாகம் எவ்வளவு கெட்டுப்போயிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். புதுசு தேடிப் போகும்போது கையில் அந்த சாம்பிள் இல்லையென்றால் எந்தக் கடைக்காரருக்கும் புரிய வைக்க முடியாது. புதுசு கிடைக்கவே இல்லையென்றால், பழையதைத்தான் லேத்தில் கொடுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் ஸ்பேனர் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டியின் பூர்வீகம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. எஞ்சின் பி.எம்.சி. பி-சீரிஸ், 1489 சி.சி. நட்டு, போல்ட்டு எல்லாம் இஞ்ச் அளவு. அரை இஞ்ச் நட்டு என்றால் 12.7 மில்லிமீட்டர். பட்டறைகளில் இருக்கும் 13-ம் நம்பர் ஸ்பேனர் அதில் உட்காருவது போலத் தெரியும். ஆனால் இறுகிய நட்டில் அழுத்தினால் முனை மழுங்கி உருண்டையாகிவிடும். 7/16, 1/2, 9/16 இஞ்ச் ஸ்பேனர்களை முதலில் வாங்குங்கள். பார்ட்ஸ் கணக்கில் முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும்.

எஞ்சின் சுற்றவே மாட்டேன் என்கிறது

பல வருஷம் நின்ற வண்டியில் பேட்டரியைக் கட்டி உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்வதும் கூடாது. துருப்பிடித்த பிஸ்டன் ரிங் சிலிண்டரில் ஒட்டியிருந்தால் அங்கேயே உடையும். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று ஸ்பூன் ஊற்றி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். அப்புறம் முன்பக்கம் ஹேண்டில் போட்டு மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் ஊற்றி இன்னும் இரண்டு நாள் விடுங்கள். என் வண்டிக்கு ஒரு வாரம் பிடித்தது. அதுவரை ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள், வயர்களைத் தடவிப் பாருங்கள். என் ஏர் கிளீனருக்குள் எலி, காய்ந்த மாவிலையால் கூடு கட்டியிருந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் மூன்று வயர்களின் தோலைக் கடித்து வைத்திருந்தது. அப்படியே பேட்டரி கொடுத்திருந்தால் ஷார்ட் ஆகியிருக்கும்.

செல்ஃப் 'டக்' என்று மட்டும் சொல்கிறது

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். அது சரியாக இருந்தால் சந்தேகம் எர்த் (கரன்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதை) மேல் போக வேண்டும். மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் மேல் வெறும் இரும்பிலும், மறு முனையை பேட்டரியின் எர்த் டெர்மினலிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது என்று அர்த்தம். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் பின்னல் பட்டையைக் கழற்றி, இரண்டு முனையும் பளபளக்கும்வரை உப்புத்தாள் போடுங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டியில் இந்தக் கோளாறு கட்டாயம் வரும். பெயிண்டர் எர்த் போல்ட் உட்காரும் இடத்தையும் சேர்த்து அழகாகப் பூசிவிடுவார்.

பேட்டரி மாட்டும்போது இன்னொன்றையும் பாருங்கள். பழைய இங்கிலீஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனையை பாடியில் எர்த்தாகக் கட்டும் வழக்கம் இருந்தது. உங்கள் வண்டியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்பதைப் பழைய கேபிளின் டெர்மினல் அளவைப் பார்த்து உறுதி செய்துகொண்டு கட்டுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

நெருப்பு இல்லையா, பெட்ரோல் இல்லையா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது. ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் மேல் படும்படி வைத்து, செல்ஃப் அடியுங்கள். நீல நிறத்தில் 'பட் பட்' என்று பொறி வந்தால் நெருப்பு சரி. மஞ்சளாக, மெலிந்து வந்தால் அல்லது வரவே இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள்.

உள்ளே திறந்து மூடி நெருப்பை உண்டாக்கும் பாயின்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்து, டார்ச் அடித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு முகமும் சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் அது உழைத்த பாயின்ட், நல்ல பாயின்ட். ஒரு முகத்தில் மிளகு முனை அளவு மேடும் எதிர் முகத்தில் அதே அளவு பள்ளமும் இருந்தால், பாயின்ட்டில் பொறி தெறிக்காமல் காக்கும் கண்டென்சர் போய்விட்டது. பாயின்ட்டை மட்டும் மாற்றினால் சில நாளில் அதே மேடு, அதே பள்ளம் திரும்ப வரும். நீலமும் கறுப்புமாகக் கருகியிருந்தாலும் கண்டென்சரைத்தான் முதலில் மாற்ற வேண்டும். வண்டி ரொம்ப நாள் நின்றதால் வந்த மெல்லிய படலம் மட்டும்தான் இருக்கிறதென்றால், வழவழப்பான உப்புத்தாளை நடுவில் வைத்து இரண்டு முறை இழுத்து, சுத்தமான துணியால் துடைத்தால் போதும். பாயின்ட் திறந்திருக்கும்போது நடுவில் இருக்க வேண்டிய கேப் (இடைவெளி) 0.015 இஞ்ச், அதாவது 0.4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஃபீலர் கேஜ் இல்லாமல் கண் அளவில் வைக்காதீர்கள்.

வயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டும்போது குழப்பம் வந்தால், ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களுக்கு நெருப்பு போகும் வரிசை) 1-3-4-2. மூடிக்குள் இருந்து பிளக்குகளுக்கு நெருப்பைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டார் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். கடைகளில் புதிதாகக் கிடைக்கும் சில ரோட்டார்களில், பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டு உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. சூடானதும் நெருப்பு அதன் வழியாகவே எர்த்துக்குப் போய்விடும். அந்த ரோட்டாரை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அதனால் பழைய ரோட்டார் உடையாமல் இருந்தால் அதையே துடைத்துப் போடுங்கள்.

நெருப்பு இருக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, முனையை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டு செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டுப் பீச்ச வேண்டும். வருவதை முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் வாடை வந்தால் அது பழைய பெட்ரோல். டேங்கைக் கழற்றிக் கழுவாமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். ஒரு விஷயம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். 1960-களின் ரப்பர் டியூபுக்கும் பம்ப் டயாஃப்ரத்துக்கும் அது ஒத்துக்கொள்ளாது. ரப்பர் உள்பக்கம் ஊறிக் கரைந்து, கறுப்புத் தூளாக கார்புரேட்டர் ஜெட்டில் போய் அடைக்கும். எத்தனாலைத் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

ஏற்றத்தில் சூடானதும் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகக் கிளம்புகிறது

என்னை அதிகம் அலைக்கழித்த கோளாறு இதுதான். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் 44-ம் நம்பர் நெடுஞ்சாலை, குருபரப்பள்ளி தாண்டி மேலுமலைப் பக்கம் ஏறத் தொடங்கும். ஓசூர் நம்மைவிட கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. என் வண்டி சூளகிரி போய்ச் சேரும் முன் இரண்டு முறை மூச்சு வாங்கி நிற்கும். பதினைந்து நிமிஷம் பானெட்டைத் திறந்து வைத்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

ஏர் லாக் என்றார்கள், அதாவது சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைப்பது. பெட்ரோல் பம்ப் மாற்றினேன். நின்றது. டயாஃப்ரம் சரியில்லை என்று இன்னொரு பம்ப் வாங்கினேன். மறுபடி நின்றது. பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலை மாற்றினேன். மூன்றாவது முறை மேலுமலையில் நின்றபோது, எனக்குப் பின்னால் லாரியை ஓரம் கட்டிய ஒரு வயதான டிரைவர் இறங்கி வந்தார்.

"தம்பி, டேங்க் மூடியத் தொறந்து பாத்தியா?"

"இல்லண்ணா, பெட்ரோல் முக்கால் டேங்க் இருக்கு."

"பெட்ரோல் இருக்கான்னு கேக்கல. தொறந்து பாரு."

திறந்தேன். 'புஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம். ஒரு நிமிஷத்தில் வண்டி கிளம்பியது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக டேங்கில் ஒரு வழி இருக்க வேண்டும். பெயிண்ட் அடித்தபோது மூடியிலிருந்த அந்தச் சின்னத் துளையில் பெயிண்ட் போய் அடைத்திருந்தது. ஏற்றத்தில் பெட்ரோல் அதிகம் இழுக்கும்போது டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் உறிஞ்ச முடியாமல் போயிருக்கிறது. ஒரு குண்டூசியால் சரியான கோளாறுக்கு நான் இரண்டு பம்பும் ஒரு காயிலும் வாங்கியிருந்தேன்.

அதனால் இந்த அறிகுறிக்கு, காசு செலவாகாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். சத்தம் வந்தால் பிடித்துவிட்டீர்கள். வரவில்லையா, பிளக்கைக் கழற்றி நெருப்பு பாருங்கள். அதை ஆறிய பின் பார்த்துப் பயனில்லை, சூட்டோடு சூடாகப் பார்க்க வேண்டும். நெருப்பு இல்லை என்றால் காயில் மேல் ஈரத்துணி போட்டு ஐந்து நிமிஷம் பொறுங்கள். நெருப்பு திரும்பினால் காயில் உள்ளே சூட்டில் அறுந்து அறுந்து சேர்கிறது, மாற்ற வேண்டியதுதான். திரும்பவில்லை என்றால் கண்டென்சர். நெருப்பு நன்றாக இருந்தால், ஈரத்துணியை பம்ப் மேலும் கார்புரேட்டருக்குப் போகும் குழாய் மேலும் சுற்றுங்கள். அதன் பிறகு கிளம்பினால் உண்மையிலேயே ஏர் லாக். அந்தக் குழாய் சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகிறதா என்று பாருங்கள். விலக்கிக் கட்டினாலே பெரும்பாலும் சரியாகும்.

இது எதுவும் இல்லை, சமதளத்தில் வேகமாகப் போனாலும் இழுவை குறைகிறது, நிறுத்தினால் சரியாகிறது என்றால் டேங்குக்குள் துரு. ஓடும்போது துரு உறிஞ்சு குழாயின் வாயில் வந்து அடைக்கும், நின்றதும் அடியில் படியும். டேங்கைக் கழற்றி, ஒரு கை பொடி ஜல்லியும் கொஞ்சம் டீசலும் போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். காலி பெட்ரோல் டேங்கில் வெல்டிங் வைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் ஆவி வெடித்து ஆள் உயிரையே வாங்கிவிடும்.

சூடு ஏறுகிறது, தண்ணீர் கொதிக்கிறது

நம் ஊர் வண்டிகளுக்கு இந்தக் கோளாறு தனியாக வரும். காரணம் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் கறை படிவது அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதற்காகவே. அதே போர் தண்ணீர் பல இடங்களில் நல்ல கடினத் தண்ணீரும்கூட. ரேடியேட்டரைக் கெடுப்பது அந்தக் கடினத்தன்மைதான்.

என் ரேடியேட்டரின் மேல் டேங்கைப் பற்றவைப்புக்காரர் பிரித்தபோது பக்கத்தில் இருந்தேன். வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே ஒரு வெள்ளைப் பொருக்கு, அது அப்படியே ஒவ்வொரு குழாயின் வாயிலும் வளையம் கட்டியிருந்தது. ஊசி நுழையக்கூட இடம் இல்லாத குழாய்கள் பாதிக்கு மேல். தோப்பு போரிலிருந்து நாற்பது வருஷம் ஊற்றிய தண்ணீர் அப்படிச் சேர்த்து வைத்திருந்தது.

வெளியே எடுக்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடானதும் நிறுத்திவிட்டு, ஃபேன் முழுசாக நின்ற பின், ரேடியேட்டர் முகத்தில் சூடு தாங்கும் அளவுக்குக் கையைப் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழ் கொண்டு போங்கள். சூடு சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவில் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் ஓடவில்லை.

பொருக்கு லேசாக இருந்தால் எலுமிச்சை உப்பு போதும். மளிகைக் கடையில் கிடைப்பதுதான். ரேடியேட்டர் கொள்ளும் தண்ணீரில் லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் சூடாக ஓட்டி, ஆறவிட்டு இறக்குங்கள். வருகிற தண்ணீர் காப்பி நிறத்தில் இருக்கும். நல்ல தண்ணீரில் மூன்று முறையாவது அலசுங்கள், அமிலம் உள்ளே தங்கக் கூடாது. ரேடியேட்டரை மட்டும் காலி செய்தால் போதாது, எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வடிகுழாயையும் திறங்கள். என் பிளாக்கில் அதைத் திறந்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. கம்பி விட்டுக் குத்திய பிறகு சேறு போல வந்தது. கெட்டியாக அடைத்திருந்தால் இந்த வைத்தியம் வேலைக்காகாது. ரேடியேட்டரைப் பிரித்துக் கம்பி விட வேண்டும், அல்லது உள்ளே இருக்கும் கோர் (குழாய்த் தொகுதி) மாற்ற வேண்டும். பித்தளை டேங்கைக் கழிவு என்று கொடுத்துவிடாதீர்கள். பாட்டி குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதுபோல அதையும் துலக்கி, கோர் மட்டும் புதிதாகப் பற்றவைக்கலாம்.

இனிமேல் ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் மட்டுமே. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நம் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல்.

ரேடியேட்டர் மூடியில் கவனம் வேண்டும். புதுக் கார்களின் மூடி 13 முதல் 16 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் தாங்கிய பிறகுதான் திறக்கும். அது இதிலும் மாட்டும். ஆனால் பழைய ரேடியேட்டரின் பற்றவைப்பு அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல. பழைய மூடியின் மேல் எண் பொறித்திருக்கும், அதே எண்ணில் வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கொதித்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் கொதிக்கும் முன்பே அது வாய் திறக்க வேண்டும். சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டை எடுத்து வீசிவிட்டு "நம்ம வெயிலுக்கு இது எதுக்குங்க" என்பார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். எஞ்சின் சரியான சூட்டில் ஓடாவிட்டால் ஆயிலில் ஈரம் சேரும், தேய்மானம் கூடும். கடைசியாக, ஸ்டார்ட் செய்த உடனே, சூடாகும் முன்பே ரேடியேட்டருக்குள் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. இந்த எஞ்சினின் ஹெட் வார்ப்பிரும்பு. அலுமினியம் அளவுக்கு வளையாது. இருந்தாலும் லேத்தில் மட்டம் பார்க்காமல் புது கேஸ்கட் போடாதீர்கள்.

சார்ஜ் விளக்கு அணையவில்லை

பெல்ட் தளர்வா என்று பாருங்கள். அப்புறம் டைனமோவின் பின்மூடியைத் திறந்து கார்பன் பிரஷ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம்தான் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்டவுட் பெட்டி. அதன் பாயின்ட்டுகளைச் சுத்தம் செய்யலாம், ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர் போடச் சொல்லிப் பலர் வற்புறுத்துவார்கள். இரவில் அதிகம் ஓட்டுகிறவர்களுக்கு அது நியாயம்தான். போட்டாலும் டைனமோவை எண்ணெய் துடைத்துப் பத்திரமாக வையுங்கள்.

பிரேக் மிதி இறங்குகிறது, அல்லது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லாரிகளே பிரேக் பிடிக்காமல் போகிற இறக்கம் அது. இந்த வண்டியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். எல்லாம் ஒரே சர்க்யூட். எங்கே ஓர் ஒழுக்கு வந்தாலும் நான்கும் சேர்ந்து போகும். அதனால் எஞ்சின் ஓடுவதற்கு முன்பே பிரேக் வேலையை முடித்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால், வெளியே ஒழுக்கு இருக்கிறது அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் கசிகிறது. மிதி பஞ்சு போல இருந்தால் காற்று. ஒரு பக்கம் இழுத்தால், இழுக்காத பக்கத்து டிரம்மைத் திறங்கள். அங்கேதான் வீல் சிலிண்டர் இறுகியிருக்கும் அல்லது லைனரில் ஆயில் ஊறியிருக்கும். நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டால் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கிறது. வெளியே புதுசு போல இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

பிரேக் ரப்பர்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவாதீர்கள், ஊறி வீங்கிவிடும். பிரேக் ஆயிலே போதும். வீல் சிலிண்டரின் உட்சுவரில் துருப்பள்ளம் இருந்தால் புது ரப்பர் போட்டாலும் சில நாளில் ஒழுகும். அங்கேதான் ஓசூர் நமக்குக் கைகொடுக்கிறது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மாதிரி பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் என்பதால், நுணுக்கமாக வேலை செய்யும் சின்ன லேத் பட்டறைகள் அங்கே நிறைய. பழைய சிலிண்டரைக் குடைந்து, உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் இறக்கி, பழைய அளவுக்கே ஹோன் செய்து (உட்சுவரை வழவழப்பாகத் தேய்த்து) தருவார்கள். நான்கு சக்கரத்துக்கும் அப்படித்தான் செய்தேன். பழைய சிலிண்டரை எடைக்குப் போட்டவர்களுக்கு இந்த வழி இல்லை.

எல்லாம் சரியானாலும் தொப்பூரில் மூன்றாவது கியரிலேயே இறங்குங்கள். டிரம் சூடேறினால் பிரேக் பிடிமானம் குறைந்துகொண்டே போகும்.

ஸ்டீயரிங் ஆடுகிறது, வண்டி சாய்ந்து நிற்கிறது

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் மூட்டுகளான டிரன்னியன், கிங்பின் பக்கம் தேய்மானம். இந்த இடங்களில் கிரீஸ் நிப்பிள் உண்டு. மாதம் ஒரு முறை கிரீஸ் அடித்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். பெயிண்டில் மூடிப்போன நிப்பிளைத் தேடிப் பிடியுங்கள். கழற்றும்போது இடது, வலது என்று சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள்.

சாய்வுக்கு முதலில் பின்பக்க லீஃப் பட்டையைப் பாருங்கள். அது சரி என்றால் முன்பக்க டார்ஷன் பார். ஒரு நீளமான எஃகுத் தண்டு முறுக்கிக்கொண்டு வண்டியைத் தாங்குகிறது. அதை அட்ஜஸ்ட் செய்ய இடம் உண்டு. ஆனால் முறுக்கு ஏறிய தண்டு விடுபட்டால் ஆளை அடிக்கும். தெரிந்த மெக்கானிக் இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

புகையும் ஆயிலும்

பின்பக்க ஆயில் சொட்டு இந்த எஞ்சினின் பிறவிக் குணம். கிராங்க் முனையில் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகு வெட்டு மட்டும்தான். இரவில் நாலு சொட்டு என்றால் விட்டுவிடுங்கள்.

இழுவை குறைந்து, டேப்பெட் கேப் (வால்வின் முனையில் விடும் இடைவெளி) அடிக்கடி சுருங்கினால் வால்வு சீட் அமுங்குகிறது. ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த ஹெட் இது. 2000-ல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்துவிட்டது. ஹெட்டைக் கழற்றும் நாளில் எக்ஸாஸ்ட் சீட்டுக்கு மட்டும் கடின உலோக வளையம் இறக்கிவிடுங்கள். டேப்பெட் கேப் 0.015 இஞ்ச். வரிசைக்கு ஒரு சுலபக் கணக்கு: எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யலாம். ஏழு திறந்தால் இரண்டு. கூட்டினால் எப்போதும் ஒன்பது.

பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-ல் அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்தியது. அதனால் பார்ட்ஸ் கிடைக்காது என்று பயப்பட வேண்டியதில்லை. டாக்சியாகவும் அரசாங்க வண்டியாகவும் ஓடிய கார் என்பதால் எஞ்சின், கியர், பிரேக் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. சிரமம் மார்க் 2-க்கே உரிய முன்கிரில், விளக்கு வளையம், எழுத்துப் பட்டை போன்ற வெளி அலங்காரத்தில்தான். மார்க் 3-ன் கிரில் வேறு, மார்க் 4-ன் கிரில் வேறு. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் நம்பாமல் பழையதோடு ஒட்டி வைத்துப் பாருங்கள்.

வெளியூர் போகும் முன் உள்ளூரிலேயே முடியும் வேலையை முடியுங்கள். பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும், அந்த எண்ணைச் சொன்னால் எந்த பேரிங் கடையிலும் எடுத்துத் தருவார்கள். காரின் பெயரைச் சொல்லவே வேண்டாம், சொன்னால் "அதெல்லாம் இப்ப வர்றதில்ல" என்பார்கள். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் போதும். புஷ்களைக் கன்மெட்டலில் கடைந்து வாங்கலாம். பிரேக் ஷூவுக்கு லைனர் ஒட்டும் கடைகள் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டிலும் உண்டு.

அடுத்தது பெங்களூரு, நமக்கு இரண்டு மணி நேரம். புதுப் பார்ட்ஸுக்கு ஜே.சி. ரோடு, பழசுக்கு சிவாஜி நகர். சென்னை போனால் புதுசுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கழற்றிய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. அங்கே காலையிலேயே போய்விடுங்கள், பேசிப் பார்த்து வாங்க நேரம் வேண்டும். இரண்டிலும் கிடைக்காத அம்பாசிடர் பாகத்துக்குக் கொல்கத்தாவின் மல்லிக் பஜார். வண்டி பிறந்த உத்தரபாராவே கொல்கத்தாவுக்குப் பக்கத்தில்தான். நேரில் போக முடியாவிட்டால், பழைய பாகத்தை ஸ்கேல் வைத்துப் படமெடுத்து அனுப்பி, பதிலுக்கு அவர்கள் கையிலிருப்பதையும் ஸ்கேலோடு படமெடுக்கச் சொல்லுங்கள். அளவு பொருந்தாமல் காசு அனுப்பாதீர்கள்.

எஞ்சினுக்குள் போகும் பாகத்துக்கு இன்னொரு வாசல் உண்டு. இதே 1489 சி.சி. பி-சீரிஸ் எஞ்சின்தான் எம்.ஜி.ஏ. 1500 ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. அந்தக் கார்களுக்கு இங்கிலாந்தில் இன்றும் நல்ல தரத்தில் கேஸ்கட், பேரிங், வால்வு செய்கிறார்கள். சுங்க வரி சேர்த்தால் விலை கனமாகத்தான் இருக்கும். ஹெட் கேஸ்கட்டும் கிராங்க் பேரிங்கும் மட்டும் அங்கிருந்து எடுப்பது தகும் என்பது என் கணக்கு. மற்றதற்கு நம் கடைகளே போதும்.

ஆர்.சி. புத்தகம்

வண்டியை வாங்கும் முன் ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் தகட்டோடு ஒப்பிடுங்கள். கிரீஸையும் பெயிண்டையும் சுரண்டி, வெளிச்சம் பிடித்துப் படியுங்கள். 1965 அக்டோபருக்கு முந்தைய வண்டி என்றால் ஆர்.சி.யில் சேலம் மாவட்டம் என்றுதான் இருக்கும், தர்மபுரி மாவட்டமே அப்போதுதான் பிரிந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். பழைய புத்தகத்தில் ஊர் மாறியிருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம், எண் மாறியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

50 வருஷம் கடந்த, வாடகைக்கு ஓடாத வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்து வரும். தினசரிப் போக்குவரத்துக்கு அந்தப் பதிவில் அனுமதி கிடையாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். எனவே வாரச் சந்தைக்கு ஓட்ட நினைக்கிறவர்கள் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே நல்லது. விண்டேஜ் பதிவுக்கு பாடி, சேசிஸ், எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். டீசல் எஞ்சின் மாற்றலாமா என்று யோசிப்பவர்கள் அந்த வேலையைத் தொடங்கும் முன் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மாற்றியிருந்தால், பழைய பெட்ரோல் எஞ்சின் அந்தப் பட்டறையின் பின்பக்கத்திலேயே கிடக்கிறதா என்று இன்றைக்கே போய்க் கேளுங்கள்.